எதிர்ச் சுவரில் ஒரு கரும்பலகை

சுனாமி அலை வந்து போன ஏழாம் மாதம். உப்பளத்தில் கூலி வேலைக்காகக் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணத்துக்குப் பஸ்ஸில் நின்றபடி போனேன். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில் ஒரு டீச்சர். அவருக்கு முன் சீட்டில் அவருடைய ஹெட்மாஸ்டர்.

“கிளாஸையே திருப்பிப் போட்டுட்டேன் சார்” என்றார் டீச்சர்.

“என்னம்மா சொல்றீங்க?”

“பசங்க எல்லாரும் இப்ப கடலைப் பாத்து உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கச் சுவத்துல நானே கருப்பு பெயின்ட் அடிச்சி போர்டு ஆக்கிட்டேன்.”

“அந்தக் காது கேக்காத பொண்ணுக்காகவா? அவளத்தான் டவுன் ஹாஸ்டலுக்கு அனுப்பிடலாம்னு சொன்னேனே. பாடத்த எங்க கவனிக்கிறா? திரும்பித் திரும்பிப் பின்னாடியே பாக்குறா.”

“அன்னிக்கு ஊரே கத்திக்கிட்டு ஓடுனது அவளுக்குக் கேக்கல சார். அலை முதுகுல அடிச்சப்பறம்தான் தெரிஞ்சிது. கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எப்படிப் படிப்பா?”

“அவ பெஞ்ச மட்டும் திருப்பியிருக்கலாமே?”

“அப்ப அவ மட்டும் தனியாத் தெரிவா. பக்கத்துல எவளும் உக்கார மாட்டா.”

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வந்தா?”

“அவருக்கும் கடலப் பாத்தமாதிரி சேர் போட்டுடலாம். இப்ப அவ எழுதுறா சார். அவளுக்கு டிசி குடுத்தா, எனக்கும் டிரான்ஸ்ஃபர் குடுத்துடுங்க.”

பஸ் கூனிமேட்டைத் தாண்டியது. ஹெட்மாஸ்டர் திரும்பாமலே கேட்டார்.

“பெயின்ட் மிச்சம் இருக்குதா?”

“அரை டப்பா இருக்குது சார்.”

“என் அஞ்சாங்கிளாஸ்லயும் ரெண்டு பேரு பின்னாடியேதான் பாக்குறானுங்க. நாளைக்கு எடுத்துட்டு வாங்க.”