நடுக்கால் மூன்று

சிதம்பரம் காவல் நிலையம். 3-11-1966, வியாழக்கிழமை, காலை 10.40 மணி.

பெயர்: பார்வதம். வயது: 63. காலஞ்சென்ற பொதுப்பணித்துறை ஓவர்சியர் சேதுமாதவனின் மனைவி. இருப்பிடம்: 27, மாலைக்கட்டித் தெரு, சிதம்பரம். படிப்பு: கடலூர் கான்வென்ட்டில் மூன்றாம் பாரம் முடிய.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குக் குழந்தைகள் இல்லை. லால்கான் தெரு ஜவுளி வியாபாரி ரஃபியுதீனின் தாயார் மெகருன்னிசாவும் நானும் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வருவார். கோஷா உள்ள பெண்மணி ஆதலால், திரை கட்டிய ரிக்‌ஷாவில், பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான் வருவார். சந்தின் மட்டத்தைவிட என் கொல்லை மூன்றடி பள்ளம். மழை தொடங்கினால் கார்த்திகை வரை அதில் தண்ணீர் நிற்கும். சென்ற வருடம் முதல் அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. இந்த ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை ரிக்‌ஷாவில் இருந்தபடியே, "இனிமே என்னால எறங்க முடியாதுடி பார்வதம். ஒன் மூஞ்சியப் பாத்தாச்சு, நான் போறேன்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு நான், சந்துக் கதவை ஒட்டி, சந்தின் மட்டத்துக்கே, கொல்லையில் மரத்தால் ஒரு பலகை மேடை போடுவதென்று முடிவு செய்தேன். படி இறங்காமல் அவர் நேராக வந்து நாற்காலியில் உட்காரலாம் என்பதே நோக்கம். இரண்டு வளையல்களை விற்றதில் கையில் முந்நூற்று அறுபது ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிப்பதில்லை, என் தம்பியிடம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு புவனகிரி சிங்காரம் ஆசாரியை வரவழைத்தேன். பதினான்கடி நீளம் போதும் என்றேன். அவர், "பதினாலு மனையடிக்கு ஆவாதும்மா. பதினாறு போட்டுருவோம்" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் பின்னால் ஏதாவது நேர்ந்தால் ஒரு விதவை பிடிவாதம் பிடித்துக் கெட்ட அளவில் கட்டினாள் என்று தெருவில் பேச்சு வரும் என்பதால் சம்மதித்தேன். கடலூர் மரவாடியில் மருத மரம் பதினான்கடிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆகவே மூன்று உத்திரங்களையும் இரண்டிரண்டு துண்டாக ஒட்டுப்போட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எஸ்டிமேட் எழுதினேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் வந்தது. ஏழாவது அயிட்டம், ஒட்டுகளின் கீழே நடுக்கால் மூன்று, அடிக்கல்லுடன் ஐம்பத்திரண்டு ரூபாய். என் கணவர் முப்பத்தொரு வருடம் காண்டிராக்டர்களின் எஸ்டிமேட்டைப் பார்த்தவர். அவற்றைச் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தது நான். ஒவ்வொன்றிலும் தேவையில்லாத அயிட்டம் ஒன்று இருக்கும், அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் இருக்கும் என்று அவர் சொல்வார். ஏழாவது அயிட்டத்தை நான் சிவப்பு மசியால் அடித்தேன். ஓரத்தில் 'அவசியமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சிங்காரம், "ஒட்டு சேர்ற எடம்மா. கால் இல்லன்னா ஊஞ்சலாட்டம் ஆயிரும்" என்றார். நான், "இது ஓவர்சியர் வீடு. எது கள்ள அயிட்டம்னு எனக்குத் தெரியும்" என்றேன். அவர், "சரிம்மா, உங்க இஷ்டம்" என்றார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

22-9-66 அன்று வேலை முடிந்தது. 29-ஆம் தேதி மெகருன்னிசா வந்து உட்கார்ந்து, "எனக்கோசரம் தேக்குல தர்பாரே கட்டிட்டியாடி?" என்றார். தேக்கில்லை, மருது என்றேன். "அதானே பாத்தேன். கணக்குல நீ நூறு, சிரிக்கிறதுல முட்டை. சிஸ்டர் அப்பவே சொன்னாங்க" என்றார். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது வாரம், 13-10-66 அன்று, "கீழ யாரோ மொனகுறாங்கடி" என்றார். சத்தம் எனக்கும் கேட்டது. புது மரம் அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொன்னேன். கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

20-10-66 அன்று நான்கு பத்துக்கு அவர் வந்தார். மழை விட்டிருந்தது. நான் காப்பி எடுத்துவரச் சமையலறைக்குப் போயிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். மேடை நடுவில் உள்வாங்கி, நாற்காலியோடு அவர் அடியில் இருந்த துணி துவைக்கும் கல்லின்மேல் விழுந்து கிடந்தார். தலைத்துணி விலகியிருந்தது. சந்தில் ஆட்கள் கூடுவதற்குள் முதலில் அதைச் சரிசெய்தேன். அதன் பிறகு ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள்.

அன்று மாலை நான் மட்டும் கொல்லையில் இறங்கி உத்திரங்களைப் பார்த்தேன். மூன்று ஒட்டுகளிலும் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. எஸ்டிமேட்டில் பட்டை கிடையாது. சிங்காரம் அதற்குப் பணம் கேட்கவும் இல்லை, வைத்ததாகச் சொல்லவும் இல்லை.

நான்காம் நாள் மருத்துவமனையில் மெகருன்னிசா என்னிடம், "ஆசாரிய ஏசாதடி. மேடைக்கு என்ன செலவாச்சு, இப்பவாவது சொல்லேன்" என்றார். முந்நூற்று அறுபது என்றேன். "எனக்கா, அவ்வளவா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விடுபட்ட ஐம்பத்திரண்டு ரூபாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. 30-10-66 அன்று அவர் காலமானார்.

அதன் பிறகு ரஃபியுதீன் சிங்காரத்தின் பேரில் புகார் கொடுத்ததாகவும், அவரைக் காவலில் வைத்திருப்பதாகவும் அறிந்து, நேற்று ரஃபியுதீனின் கடைக்குப் போய் மேற்கண்டவற்றைச் சொன்னேன். "நீங்க அம்மாவோட சிநேகிதி. உங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. கட்டுனவன் பதில் சொல்லட்டும்" என்றார். உட்கார நாற்காலி போட்டார். குடிக்க சோடா வரவழைத்தார்.

இன்று இங்கே வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர், "அவனே ஒத்துக்கிட்டாம்மா. கால் வெக்காம உட்டது தன் தப்புன்னு கைநாட்டு வெச்சுட்டான். பெரியவுங்க, நீங்க எதுக்கு இதுல?" என்றார். நான் சிங்காரத்தைப் பார்க்க அனுமதி பெற்று உள்ளே போனேன். அவர் கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்றார். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. இன்னொரு தடவ நான் சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார்.

சிவப்பு மசியில் அடித்த எஸ்டிமேட்டை ஒப்படைக்கிறேன். கையெழுத்து என்னுடையது. இதனால் சிங்காரத்தின் பேரிலுள்ள வழக்கு மாறாது என்று சப்-இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். என் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்றும் சொன்னார். இருந்தாலும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

ஹெட் கான்ஸ்டபிள் எழுதியதை வாசித்துக் காட்டினார். பிறகு நானே கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தேன். சிங்காரத்தை 'அவன்' என்று எழுதியிருந்த இடங்களில் 'அவர்' என்று திருத்தினேன். சொன்னது முழுதும் உண்மை. எந்த வரியையும் நான் அடிக்கவில்லை.

(ஒப்பம்) சே. பார்வதம்