ஓடாத இயந்திரத்துக்குக் கையெழுத்திடாத தாட்சாயினி அம்மையாருக்கு

மொன்றியல் நகரின் லாசால் பகுதியிலுள்ள நீலத்துளிச் சலவைச்சாலையின் சூழல் திட்டப் பொறுப்பாளராய் விளங்கி இன்று ஓய்வுபெறும் அம்மையீர்! வெந்நீர் வீணாவதைத் தடுத்த விவேகமே! கணக்கில் கறாரும் கதையில் குறும்பும் கலந்த எங்கள் அக்காவே! வணக்கம்.

விடுதிகளின் படுக்கைவிரிப்புகளைத் தோய்த்து, கொதிநீரைக் கழிவுக்கானுக்குள் ஓடவிட்டு, அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாத கூட்டம் நாங்கள். வெளியே பனி உறைந்து கிடக்க, எங்கள் கழிவுக்குழாயடியில் மட்டும் ஆவி பறந்ததைக் கண்டு, காசையும் சூட்டையும் சேர்த்தே ஊற்றுகிறோம் என்று வந்த வாரமே எங்களை வாரினீர்கள். அந்தச் சூட்டை மீட்கும் இயந்திரத்தைத் தேடிப்பிடித்ததும், அதற்கு அரசு தரும் வரிச்சலுகையை எங்கள் மண்டையில் ஏற்றியதும் தாங்களே. வேறு எவருக்கும் அந்தப் பொறுமை இருந்திராது.

இயந்திரம் வந்திறங்கிய மார்கழியை மறப்போமா? அதைப் பொருத்திப் பூட்ட வேண்டியவர்கள் பிந்தினார்கள். ஆண்டோ முடியும் தறுவாய். இயங்கும் நிலைக்கு வந்த ஆண்டில்தான் சலுகை கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் இரவு வேலையை நிறுத்த வேண்டிவரும் என்றார் முதலாளி பேரின்பநாதன். பெட்டிக்குள் கிடந்த இயந்திரம் ஓடுவதாக எழுதித் தரும்படி அவர் கேட்டார். பயத்தில் நாங்களும் கேட்டோம். தாங்கள் சொன்னது இவ்வளவே:

“ஓடாததை ஓடுது எண்டு நான் எழுதமாட்டன், அண்ணை. பேந்து வந்து பாக்கிறவைக்கு என்னத்தைக் காட்டுறது?”

அந்த மாதம் தேநீர் மேசையில் தாங்கள் தனியேதான் இருந்தீர்கள். இருந்தும், குளிர்நீரில் தோய்க்கக்கூடிய துணிகளைப் பிரித்தெடுக்கத் திட்டம் வகுத்து, எரிவாயுச் செலவைக் குறைத்து, இரவு வேலையைக் காப்பாற்றினீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிய ஆண்டில் சலுகையும் வந்தது. பின்னர் வரி அதிகாரிகள் வந்து, இயந்திரத்தில் கைவைத்துச் சூடு பார்த்துவிட்டுப் போனபோது, கதவோரம் ஒளிந்து எட்டிப் பார்த்தோம் நாங்கள். தாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

முன்வரிசையில் முதலாளி அமர்ந்திருக்க, இதை வாசிப்பவரின் குரல் தடுமாறினால் பொறுத்தருள்க. பின்கட்டில் இரண்டாவது இயந்திரம் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஆண்டும் முடியப்போகிறது. திங்கள் முதல் தங்கள் கதிரை வெறுமை. அதில் அமரப்போகிறவர் கஜந்தினி. தாங்கள் போனபின் கையெழுத்து வாங்குவது சுலபம் என்ற பேச்சு எங்கள் காதிலும் விழுந்தது.

முதலாளி அவர்களே, உங்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. இந்த இடத்தை நடத்தும் பாரம் எங்களுக்கும் தெரியும்; வேலை போய்விடுமோ என்ற பயம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் கஜந்தினியைக் கேளுங்கள், கொதிகலனடியில் நிற்கும் றஜிந்தனைக் கேளுங்கள், எங்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஓடாததை ஓடுது எண்டு எழுதமாட்டம்.

அம்மையீர்! நோய் அணுகாது, நெஞ்சு சோராது, நெடுங்காலம் நிறைவோடு வாழ்க! பெட்டி பிரித்து இயந்திரத்தைப் பூட்டும் நாளில் முதல் அழைப்பு தங்களுக்குத்தான். முதற்சூட்டில் கைவைத்துப் பார்க்க வந்தருள்க. அதுவரை, நாங்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடும் தாள் இது ஒன்றே.

இங்ஙனம்,
பகல் வேலையாரும் இரவு வேலையாரும்,
நீலத்துளிச் சலவைச்சாலை, மொன்றியல்.