அரூர் பஸ்ஸில் ஒரு வேண்டுதல்

தருமபுரியிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும். அந்தம்மா மடியில் தேங்காய்ப் பை.

"நம்ம பையன் டீம் தோக்கணும்னு வேண்டிக்கிட்டதே நான்தாங்க."

கணவர் சுற்றிலும் பார்த்தார். "மெதுவாப் பேசு. எப்ப வேண்டுன?"

"தோத்தா அதோட சீசனே முடிஞ்சிரும்னாங்களே, அந்த பிளேஆஃப் மொத மேட்ச்சுக்கு முந்தின நாளு. முட்டி வீங்கிக் கெடக்க, கோச்சுக்குத் தெரியாம ஊசி போட்டுக்கிட்டு பேஸ்கட்பால் ஆடறான். இன்னொரு தடவ வுழுந்தா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"சீசன் பூரா ஒண்ணு ஜெயிச்சா ஒண்ணு தோத்தாங்க. இதுக்குப் போயி சாமிய இழுக்கற."

"கடைசியில ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்காம நின்னு போடறதுங்க. அவன் கை அதுல தவறுமா? அன்னிக்குத் தவறிப்போச்சே."

"அடுத்த வருசம் காண்ட்ராக்ட் போட மாட்டாங்கன்னு போன்ல அழுதான்டி."

"வேண்டிக்கிட்டபடி நான் மொட்டை போடாம வுட்டா முட்டிக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்குது. போட்டுக்கிட்டுப் போனா ஏன்னு கேப்பான்."

கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"வூட்டுக்கு வந்துட்டியா சாமி? நாங்க தீர்த்தமலை கோயிலுக்குப் போயிட்டிருக்கோம். ஆமா, வேண்டுதல்தான்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"என்ன வேண்டுதல்னு கேக்கறான்."