நடுத்தண்டில் ஒரு பிரேக்

மினி பைக்கில் உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய மனிதரும் சர்க்கஸ் கரடி மாதிரிதான் தெரிவார் சார். முழங்கால் இரண்டும் காதைத் தொடப் பார்க்கும். ஹேண்டில்பாரைப் பிடித்தால் யாரையோ கும்பிடுவது போல இருக்கும். அதனால்தான் எனக்கு அந்த வண்டிகளைப் பிடிக்கும். மேலே உட்கார்ந்து பெருமையடித்துக்கொள்ள அதில் வழியே கிடையாது. அப்படித்தான் நினைத்திருந்தேன், என் மச்சினன் உட்காரும் வரைக்கும்.

நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். வாசலில் நின்ற காவலர் என்ன விஷயம் என்று கேட்டார். முடித்துவிட்ட விசாரணை ஒன்றில் சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் முகவரி மாற்றம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். குறை சொல்லவில்லை. மின்விசிறி நன்றாகவே ஓடியது.

நான் அட்டைப்பெட்டி ஆலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறவன். இயந்திரம் ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது, நின்றால்தான் தேடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே போய்விட்டது. எனக்குப் பாராட்டில் எப்போதுமே ஆசை கிடையாது, இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பியை வீட்டில் எல்லோரும் ‘ஐடியா’ என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மாதம் தங்கிப் போகிறேன் என்று வந்தவன், பதினோரு வருடம் தங்கினான். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டான், சண்டை போட மாட்டான், குழந்தைகளுக்கு அவனென்றால் உயிர். அடுத்தவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வான், அவ்வளவுதான். சொல்கிற யோசனையும் பெரும்பாலும் நாம் அப்போது செய்துகொண்டிருக்கிற வேலையாகவே இருக்கும். நான் ஏணியில் நின்று ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பேன். கீழே நின்று, “அத்தான், அந்தக் குழாயைக் கழட்டிட்டா சரியாயிடும்” என்பான். சாயங்காலம் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம், “என் தம்பிதான் கண்டுபிடிச்சான், குழாய்லதான் கோளாறுன்னு” என்று சொல்வது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்கும்.

என் மகளுக்குப் பெயர் வைத்ததும் அப்படித்தான். மூன்று மாதம் யோசித்துத் தேர்ந்தெடுத்த பெயரை, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவன் உள்ளே போய் உரக்கச் சொன்னான். இன்றைக்கும் என் மகள் பள்ளிக்கூடத்தில், “எங்க மாமா வெச்ச பேர்” என்றுதான் சொல்கிறாள். குழந்தையைத் திருத்தினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

வண்டிக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில், உடைந்த சைக்கிள்களுக்கு அடியில் கிடந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரங்கள், ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டருக்குள் குளவிக்கூடு. பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டிப்போயிருந்தது. ஒன்பது நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். வண்டியின் இரும்புச் சட்டத்தைச் சுரண்டி, விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பெட்ரோல் டாங்கை ஆணியும் சரளைக்கல்லும் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. அத்தனை ஞாயிறும் ஐடியா என் கொட்டகையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றான்.

“சிவப்பு அடிச்சா சூப்பரா இருக்கும் அத்தான்” என்றான் ஒருநாள். அப்போது சிவப்பு பெயின்ட் டப்பா திறந்திருந்தது. பிரஷ் என் கையில் இருந்தது. பாதி டாங்க் ஏற்கெனவே சிவப்பாகியிருந்தது.

பழைய வண்டிக்காரர்களின் சங்கம் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மூடிப்போன கல்குவாரியின் சரிவுப் பாதையில் போட்டி வைப்பார்கள். வேகம் முக்கியமில்லை, இழுவைதான் கணக்கு. நான்கு மணல் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியைப் பின்னால் கட்டி உச்சிவரை இழுக்க வேண்டும். நான் ஒத்திகை பார்த்தபோது வண்டி பாதிச் சரிவில் மூச்சுத் திணறி நின்றது, கிளட்ச் புகைந்தது. எஞ்சின் பல்சக்கரத்தில் பத்துப் பல், பின்சக்கரத்தில் அறுபது பல். எஞ்சின் ஆறு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அந்தக் குஞ்சு எஞ்சினுக்கு அது போதாது.

அதனால் நடுவில் ஒரு தண்டு வைத்தேன். எஞ்சினிலிருந்து ஒரு செயின் நடுத்தண்டுக்கு, நடுத்தண்டிலிருந்து இன்னொரு செயின் பின்சக்கரத்துக்கு. பத்துக்கு இருபது, மறுபடி பத்துக்கு அறுபது. இப்போது பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று. வேகம் பாதியாகிவிடும், இழுவை இரண்டு மடங்காகும். இந்தக் கணக்கைக் கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் போட்டேன். ஐடியா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்ச் சங்கத்தில் காட்டியிருக்கிறான். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர், சாதாரணமாக யாரையும் மெச்சாதவர். அடுத்த வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க மச்சினன் பெரிய மூளைக்காரர் சார். நீங்களும் கூடமாட ஒத்தாசை பண்றீங்களாமே, ரொம்ப சந்தோஷம்.”

ஆமாம், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன் என்றேன். அவர் அதை அப்படியே நம்பினார். வீட்டுக்கு வந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாக இருந்தது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கோபம் என்று எழுத வேண்டாம்.

மிச்சமிருந்தது பிரேக் மட்டும்தான். அந்த வண்டிக்கு முன்பிரேக் கிடையாது. பின்சக்கரத்தில் இருந்த டிரம் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கியது. புது டிரம் தேடிக்கொண்டிருந்தபோதுதான், பக்கெட்டில் உட்கார்ந்தபடி ஐடியா தன் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு சொந்த யோசனை சொன்னான்.

“பிரேக்கை எதுக்கு அத்தான் பின்வீல்லயே போடணும்? நடுத்தண்டுல போடுங்க. அது வீலைவிட ஆறு மடங்கு வேகமா சுத்துதுல்ல, லேசாப் பிடிச்சாலே நின்னுடும்.”

அது முட்டாள்தனமான யோசனை இல்லை சார். அவன் சொன்ன கணக்கு சரி. ஒரே ஒரு விஷயம்தான் அதில் இடிக்கும். நடுத்தண்டில் பிடிக்கிற பிடி, செயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். அந்தச் செயின் கழன்றால் எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. சரிவில் உருளும் பீப்பாய்க்கும் அந்த வண்டிக்கும் அப்புறம் வித்தியாசம் கிடையாது. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயால், “அருமையான ஐடியா” என்றேன்.

அவன் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. பதினோரு வருடத்தில் நான் அவனைப் பாராட்டியதே இல்லை. கண்கூடக் கலங்கிவிட்டது அவனுக்கு.

“நிஜமாவா அத்தான்?”

“நிஜமாத்தான். இது உன் ஐடியான்னு எல்லார்கிட்டயும் சொல்லு.”

சொல்லச் சொல்ல வேண்டுமா அவனுக்கு. மறுநாளே சங்கத்துக்குப் படம் வரைந்து அனுப்பி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தான்.

இனி நான் செய்த வேலை. செயினின் இரண்டு முனைகளைச் சேர்க்கும் இடத்தில் ஒரு சின்ன கிளிப் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்வோம். அப்போதுதான் எதில் உரசினாலும் கிளிப் கழலாது. பின்சக்கரத்துக்குப் போகும் செயினில் நான் அதைத் திருப்பிப் போட்டேன். இடுக்கியால் அதன் வாயை ஒரு மயிரிழை விரித்தும் விட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அரைகுறை வேலையாக இருந்திருக்கும். வண்டி இழுத்து ஏறும்போது மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும், எதிலும் படாது. பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும்போது கீழ்ப்பக்கம் விறைத்து மேல்பக்கம் தொய்யும், தொய்ந்து துள்ளும். அது துள்ளும் உயரத்தை அளந்து, செயின் மூடியில் ஒரு மறையாணியை ஒரு நெல்மணி நீளம் உள்பக்கம் நீட்டி முறுக்கினேன். ஏறும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க, ஆணி கிளிப்பின் வாயில் தட்டிக்கொண்டே இருக்கும். கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் நூறு சுற்றுக்குள் கழன்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான்.

போட்டி அன்று காலை பத்து மணிக்கு நல்ல வெயில். யார் ஓட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. ஐடியா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான், முழங்கால் இரண்டும் காதை ஒட்டி நின்றன. அப்படியும் அவன் கம்பீரமாகத்தான் இருந்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி ஏறியது. அடடா, அது ஏறிய அழகைச் சொல்ல வேண்டும் சார். நான்கு மூட்டை மணலோடு, எறும்பு சர்க்கரைக் கட்டியை இழுக்கிற மாதிரி, ஒரு திணறல் இல்லாமல் உச்சிவரை போனது. பெரிய பெரிய வண்டிகளெல்லாம் நின்றுபோன இடத்தைத் தாண்டிப் போனது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உச்சியில் தள்ளுவண்டியை அவிழ்த்துவிட்டார்கள். கீழே கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. மேலே எங்களோடு நின்ற என் மனைவி, தம்பிக்குப் பின்னால் ஏறி உட்காரப் பார்த்தாள்.

“நானும் அவன்கூடவே இறங்கறேன்.”

“வேணாம், ரெண்டு பேர் வெயிட்டை சட்டம் தாங்காது. நீ என்கூட நடந்து வா” என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

“எல்லாம் ஓகேதானே அத்தான்?” என்று கேட்டான் அவன்.

“உன் ஐடியா தப்பாகுமா?” என்றேன்.

இரண்டாவது வளைவுவரை பிரேக் பிடித்தது. மூன்றாவது வளைவில் செயின் பாதையில் கிடந்தது. அவன் சத்தம் போடவில்லை, திரும்பி மேலே ஒருமுறை பார்த்தான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. யோசனை கேட்பதற்காகப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு குவாரிப் பள்ளம், அறுபது அடி. பாறைகளை நீங்களே வந்து பார்த்தீர்கள். அன்றைக்கு என் தோளைத் தட்டி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்கள். அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

என் மனைவி இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் என்னோடுதான் தூங்குகிறாள், தூக்கத்தில் மாமா என்கிறாள். இதெல்லாம் எனக்கு வருத்தம்தான். காலப்போக்கில் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வரும் எண்ணமே எனக்கு இல்லை.

ஆனால் நீங்கள் ஓர் அறிக்கை எழுதினீர்கள். நேற்றுச் சங்கத்தில் அதை உரக்கப் படித்தார்கள். செயலாளர் வண்டியைச் சோதித்து, பிரேக்கை நடுத்தண்டுக்கு மாற்றியதே விபத்துக்குக் காரணம் என்று சொல்லியிருக்கிறார். அதை வடிவமைத்தவர் இறந்தவரே என்பதற்கு அவன் கையெழுத்திட்ட படத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். கிளிப் ‘தற்செயலாகக் கழன்றது’ என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. மறையாணியைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட்டத்தில் என் மனைவி எழுந்து, “அவன் மூளையே அவனுக்கு எமனா வந்துடுச்சு” என்று அழுதாள். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு செயலாளர், அந்தச் சரிவை அப்படி ஏறிய வண்டியை உருவாக்கியவரின் நினைவாக, இனி வருடாவருடம் கொடுக்கும் இழுவைக் கோப்பைக்கு என் மச்சினன் பெயரை வைப்பதாக அறிவித்தார். எழுந்து நின்று கைதட்டினார்கள் சார். நானும்தான் தட்டினேன்.

அதனால்தான் வந்தேன். பிரேக் யோசனை அவனுடையது, அதில் நான் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் அவனைக் கொன்றது பிரேக் இல்லை. கிளிப்பைத் திருப்பியது நான், வாயை விரித்தது நான், ஆணியின் நீளத்தை அளந்து முறுக்கியது நான். ஆணி இன்னும் அந்த மூடியிலேயே இருக்கிறது, ஆளனுப்பிப் பாருங்கள். அவன் செத்ததில் அவனுடைய மூளைக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் திட்டம் போட்டு, நான் ஒருவனே செய்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? சரி. பாராட்டுக்காக இதைச் சொல்லவில்லை என்பதையும் மேலே சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஒரு சின்ன உதவி. கோப்பையில் இன்னும் பெயர் பொறிக்கவில்லையாம், இன்று மாலைதான் பொறிக்கக் கொடுக்கிறார்களாம். நீங்கள் இப்போதே செயலாளருக்கு ஒரு போன் போட்டால் நிறுத்திவிடலாம்.