சிவப்பு வட்டத்தில் கறுப்புக் கை

எங்கள் கடையில் குருமாவை இரண்டாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவோம் சார். கொழிஞ்சாம்பாறையில் கூட்டம் சேர்ந்தது அதனால்தான் என்று நினைத்திருந்தேன். பரோட்டா மாஸ்டர் மாரப்பனால்தான் என்று ஊர் சொன்னது.

மாரப்பன் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்க மாட்டான். உள்ளங்கையைக் கல்லுக்கு மேலே ஒட்டினாற்போல் பிடித்துச் சூடு பார்ப்பான். சூளையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தவனைக் கூட்டி வந்து தொழில் கொடுத்தவன் நான். அவன் ரோட்டுக்கு எதிர்ப்புறம் தனிக்கடை போடப் போவதாகச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் கோபப்படவில்லை.

மறுநாள் காலை அவன் சூடு பார்த்தபோது, அவன் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

"அண்ணா, கல்லு காஞ்சிருச்சுங்க. கைய எடுங்க" என்றான்.

அப்போதும் மரியாதை குறையவில்லை. இழுத்துப் பார்த்தான். நானும் மூட்டை தூக்கி வளர்ந்தவன்தான். கொஞ்சம் பொறுத்து எடுத்தேன்.

வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. விரல் மடங்கிப்போன மாஸ்டரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? இன்றுவரை என் கடை வாசலில் உட்கார்ந்து இடது கையால் டோக்கன் கொடுக்கிறான். என்னை விட்டுப் போகவில்லை.

ஒட்டியதைச் சுரண்டிய பிறகும் கல்லில் கையின் கறை நின்றது. பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் லோகோ வரையும் மௌனிகாவுக்கு அனுப்பினேன். சிவப்பு வட்டம், நடுவில் கறுப்புக் கை. கோணிக்கொண்டிருக்கும் சுண்டுவிரலை நிமிர்த்தட்டுமா என்று அந்தப் பெண் கேட்டது. உள்ளபடி இருக்கட்டும் என்றேன். சாப்பிட வரச்சொல்லும் கை என்று பத்திரிகையில் எழுதினார்கள். பிள்ளைகள் கடை போர்டில் தங்கள் கையை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சித்திரபுரத்தில் கிளை திறந்த அன்று மாரப்பனின் மனைவி வனிதா அந்தப் போர்டின் கீழே நெடுநேரம் நின்றாள். பிறவியிலேயே கோணலான அந்தச் சுண்டுவிரல் அவளுக்குத் தெரியாதா?

"ஏனுங்க மொதலாளி, வழுக்குன கைன்னா இழுத்துக்கிட்டுத்தானுங்க போயிருக்கும்? இது அமுக்கி வெச்ச கையாட்டமில்லீங்க இருக்குது?"

அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அமுக்கியது நான்தான் சார். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் கைக்கு மேலே இருந்தது என் கை. சூடு எனக்கும்தான் ஏறியது. அதை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.