புள்ளிகள் கூடும் விதம்

— கையை விடுங்கக்கா. உள்ள அத்தனை பேர் முன்னாடி என் கண்டுபிடிப்பை உங்களதுன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கியாச்சு. இப்ப எனக்கெதுக்கு சமாதானம்?

— இதோ பாரு கண்ணு, மெதுவாப் பேசு. புரொபசர் காதுல விழப்போகுது.

— விழட்டுமே! திரையில போட்டீங்களே ஒரு படம், அந்த பாக்டீரியா வளர்க்கிற தட்டு யாரோடது? என் கை தவறி விரிசல் விட்ட தட்டு அது.

— லேப்ல எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான்.

— விரிசலுமா? சரி, தட்டை விடுங்க. நடுவுல ஒரு சொட்டு பாக்டீரியா வச்சா, கிட்ட இருக்கிற தீனியைத் தின்னு தீர்த்துட்டு, எங்க அதிகமா இருக்கோ அந்தப் பக்கம் வளையமா நகரும். அது எல்லாருக்கும் தெரியும். அந்த வளையம் ஏன் புள்ளி புள்ளியா உடையுதுன்னு கண்டுபிடிச்சது யாரு?

— நீதான்.

— அதுங்களே ஏதோ ஒண்ணைக் கசிய விடுது. அந்த வாடைக்கு மத்ததெல்லாம் ஓடி வருது. வந்ததும் கசிய விடுது, இன்னும் கூட்டம் சேருது. வாடை பிடிக்கத் தெரியாத வகையைப் போட்டா ஒரு புள்ளிகூட விழல. மாசக்கணக்கா நான் கண்ணு பூத்துப் பார்த்தது! ‘தட்டு கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு’ன்னு சிரிச்சவங்க நீங்க.

— சிரிச்சேன். இல்லேங்கல.

— அக்கா அக்கான்னு உங்க பின்னாடியே சுத்தினேனே. பிள்ளைக்குக் காய்ச்சல்னா உங்க மடியில போட்டுட்டுத்தானே வேலைக்கு வந்தேன். கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே!

— என் வேலை முடியப்போகுது கண்ணு. இந்த வயசுல யாரு கூப்பிட்டு வேற வேலை குடுப்பா? கையில வந்ததை வேண்டாம்னு சொல்ல மனசு வரல.

— இதைக் கண்டுபிடிச்சதுக்கு எனக்குக் கிடைக்க வேண்டிய வெளிநாட்டு வேலை இனி உங்களுக்குத்தான். போங்க, நல்லா இருங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் கம்ப்யூட்டரை எப்பத் திறந்தீங்க?

— சத்தியமா நான் தொடவே இல்ல.

— புளுகாதீங்க! படம், குறிப்பு எல்லாம் என் வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. இங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

— அதுக்குத்தான் சொல்றேன், கேட்காத. பேசாம வீட்டுக்குப் போ.

— தெரியாம இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.

— ‘இவ வெளிநாடு போயிட்டா எங்க குடும்பம் சிதறிடும்க்கா, உங்க பேர்லயே சொல்லிடுங்க’ன்னு உன் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து என் கையில குடுத்தார்.