கை நனைத்தவர்கள்

“அந்த மலைக்குள்ள போயி ஒரு வாய் சாப்ட்டாப் போதும், அப்புறம் ஊர் திரும்பவே முடியாது.”

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் தடித்த ஆங்கில நாவல். பக்கத்தில் தோழி.

“எந்த மலைடி?”

“அயர்லாந்துல. அவங்க பழங்கதைய வச்சு எழுதுன நாவல். நம்ம வயசுப் பொண்ணு ஒருத்தி தம்பியத் தேடி மாயக்காரங்க மலைக்குள்ள போறா. அவங்க விருந்து வைக்கிறாங்க. தின்னுட்டா அவங்களுக்குக் கட்டுப்பட்டவ.”

“இதுல என்னடி அதிசயம்? பொண்ணு பாக்க வர்றவங்க எதுக்கு வெறும் காப்பியோட எந்திரிக்கிறாங்க? கை நனைச்சிட்டா சம்பந்தம் முடிஞ்ச மாதிரில்ல.”

நாவல்காரி புத்தகத்தை மூடினாள்.

“ஞாயித்துக்கிழம எங்க வூட்டுக்கு வந்தவங்களுக்கு அம்மா எலை போட்டுட்டாங்க.”

“ஐயையோ! சாப்ட்டாங்களா?”

“மோர் வரைக்கும்.”

“போச்சு. காலேஜ முடிக்க விடமாட்டாங்கன்னு அழுதியே, அவங்கதானே? மாட்டிக்கிட்டடி.”

 அவள் புத்தக அட்டையை விரலால் தட்டினாள்.

“இருடி. சாப்ட்டது யாரு?”

“அவங்க.”

“நான் அவங்க வூட்ல பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. அப்பக் கட்டுப்பட்டது யாரு?”

நாவல்காரி புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

“டிகிரி முடிச்சிட்டுத்தான் கல்யாணம்னு சொல்லப் போறேன். தின்னவங்க கேட்டுத்தானே ஆகணும்!”